சிர்க்குவின் கால்தாளம்

சிர்க்கு வயலினைத் தோளில் வைத்துவிட்டால் வலது கால் சும்மா இருக்காது. வயலினுக்குப் பேர்போன காவுஸ்தினென் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி அது. அந்த ஊரில் வில்லைப் பிடிக்கத் தெரிவதற்கு முன்பே குதிகாலால் தரையை இடிக்கத் தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் பத்துப் பேர் சேர்ந்து வாசித்தால் பலகைத் தரை அதிர்ந்து, அலமாரிக்குள் இருக்கும் கோப்பைகள் கிணுகிணுவென்று கூட வாசிக்கும்.

அவள் புருஷன் இல்போவுக்கு அந்தக் கால் தீராத தலைவலி. அவன் பாட்டு உண்டாக்குவது ட்ராக்கர் என்ற கணினி நிரலில். அதில் திரை முழுக்க எழுத்தும் எண்ணுமாக வரிவரியாக ஓடும். எந்த வாத்தியம், எந்த ஸ்வரம், எவ்வளவு சத்தம் என்று ஒவ்வொரு வரியும் உத்தரவு போடும். வாத்தியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எங்கிருந்தோ பிடித்து வந்த ஒரு சின்ன ஒலித்துண்டுதான். அதுவும் பாட்டுக் கோப்புக்குள்ளேயே குடியிருக்கும். இல்போ மைக்கை நேராகக் கணினியில் செருகுவான், ட்ராக்கருக்குள்ளேயே காலியாக இருக்கும் ஒரு வாத்திய எண்ணைத் தேர்ந்தெடுப்பான், பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு சிர்க்குவைப் பார்த்துத் தலையசைப்பான். அவள் ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துக் கொடுத்தால் போதும். அவன் அதன் முன்னும் பின்னும் நறுக்கி, ஏற்றி இறக்கி, ஒரு மண்டபம் நிறைய வயலின்காரர்களை உட்கார வைத்துவிடுவான்.

"கால்!" என்று கத்துவான் நடுவில்.

"என்ன கால்?"

"தட்டுற. டொக்குன்னு விழுது. ஷூவக் கழட்டிட்டு உல்லன் சாக்ஸ் போட்டுக்கயேன்."

"துறைமுகத்துல கப்பல் ஊதுற மாதிரி ஒரே சத்தத்த இழுக்க விடுற. அதுல காலையும் கட்டிப் போடுற. கஞ்சப் பிசினாறி. என் பாட்ட என்னிக்குடா முழுசா கேக்கப் போற?"

கஞ்சன் என்பது சும்மா வந்த திட்டு இல்லை. ட்ராக்கர் கூட்டத்தில் ஆளுக்கொரு புனைபெயர் உண்டு. அவன் பெயர் கித்சாஸ், அதாவது கஞ்சன். ஃப்ளாப்பித் தட்டுக் காலத்திலிருந்து வந்த பெயர். மற்றவர்கள் தட்டுக்குத் தட்டு நிரப்பிக்கொண்டிருந்தபோது இவன் அதில் ஒரு மூலைக்குள் முழு இசைக்குழுவை அடக்கிவிடுவான். காலம் மாறி, கணினிகளில் இடம் கொட்டிக் கிடந்தபோதும் புத்தி மாறவில்லை. பழைய பிரதி வைத்துக்கொள்வது அவனைப் பொறுத்தவரை சோம்பேறிகளின் வேலை. பாட்டு முடிந்ததும் ட்ராக்கரில் ஒரு கட்டளை கொடுப்பான்: எந்த வரியும் கூப்பிடாத வாத்தியங்களை அழித்துவிடு. சாப்பிட்டு முடித்தவன் மேசையைத் துடைப்பது போல, யோசிக்காமல் செய்வான். துடைப்பான், சேமிப்பான், மூடுவான். அதில் அவனுக்கு ஒரு பெருமை வேறு.

அவள் சொன்ன "என் பாட்டு" அவர்கள் கல்யாணத்துக்காக அவளே கட்டியது. மாப்பிள்ளையும் பெண்ணும் தேவாலயத்திலிருந்து நடந்து வரும்போது வாசிக்கிற மெதுவான நடை. தன் கல்யாணத்துக்குத் தானே வாசித்துக்கொண்டு நடந்த மணப்பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதை அவள் எழுதி வைக்கவில்லை. அவர்கள் ஊரில் காதால் வாங்கி விரலால் கொடுப்பதுதான் வழக்கம். வேறு யாருக்கும் அவள் அதைக் கொடுக்கவும் இல்லை. ஊர் இசைத் திருவிழாவில் கேட்டவர்களிடம், "அது வீட்டுச் சாமான், வெளியே போகாது" என்று சிரித்தபடி சொல்லிவிடுவாள்.

முதலில் அவள் கையிலிருந்து காபிக் கோப்பை நழுவியது. பிறகு சாவி. பிறகு வில். கொக்கோலாவில் ஒரு மருத்துவர், ஔலுவில் இன்னொருவர். கடைசியில் அந்த ஔலு மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தசைகளுக்குப் போகிற சேதி ஒவ்வொன்றாக நிற்கும். கை, அப்புறம் கால், அப்புறம் பேச்சு, அப்புறம் மூச்சு. மருந்து கொஞ்சம் தள்ளிப் போடும், நிறுத்தாது.

காரில் திரும்பி வரும்போது, ராஹே தாண்டியதும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"கை போறதுக்குள்ள என் பாட்ட ஒரு தடவ முழுசா எடுத்து வச்சிரு."

"சரி."

"நான் செத்த பிறகு நீ கேட்டு அழுறதுக்கு இல்ல. கை போன பிறகு நான் கேக்கணும். என்னால வாசிக்க முடிஞ்சதுன்னு எனக்குத் தெரியணும். புரியுதா?"

"புரியுது சிர்க்கு."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

சொன்னாளே தவிர கை ஒத்துழைக்கவில்லை. வயலினை எடுப்பாள், இரண்டு அடி வாசிப்பதற்குள் வில் சரியும், திட்டிக்கொண்டே பெட்டிக்குள் வைப்பாள். நடுக்கோடையில் வரும் யுஹான்னுஸ் கொண்டாட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இல்போ சமையலறை மேசையில் கணினியை வைத்து, ட்ராக்கர் கூட்டத்தின் கோடைப் போட்டிக்கான பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் நைட்டியோடு வாசலில் வந்து நின்றாள். கையில் வயலின்.

"இன்னிக்குக் கை சொன்ன பேச்சு கேக்குது. சீக்கிரம் ஆகட்டும்."

புதுக் கோப்பு திறக்க அவனுக்குப் பொறுமை இல்லை. திறந்திருந்த பாட்டிலேயே காலியாக இருந்த வாத்திய எண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மைக்கைத் திருப்பினான். அவள் வழக்கம்போல உல்லன் சாக்ஸைத் தேடினாள்.

"வேணாம். ஷூவப் போடு. கருப்பு ஷூ."

"என்னது? நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். நல்லா இடி."

நைட்டியும் திருவிழா ஷூவுமாக அவள் வாசித்தாள். அவன் பொத்தானை அமுக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பகுதிக்குள் திரும்புகிற இடத்தில் அவள் எப்போதும் தடுக்குவாள். கல்யாணத்தன்றே தடுக்கினாள். அன்றும் தடுக்கினாள். "சனியனே!" என்று வயலினைத் திட்டினாள். பதிவு ஓடும்போது தும்மல் வந்தால்கூட விழுங்கிவிடுகிற இல்போ, அன்று வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே மறுபடி பிடித்துக்கொண்டு, காலால் தரையை இடித்து இடித்துக் கடைசி வரை போனாள். கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் வில் கீழே விழுந்தது. அவள் நின்ற இடத்திலேயே அழுதாள்.

அவன் எழுந்து போய் அவளைப் பிடித்துக்கொண்டான். வில்லை எடுத்தான், காபி போட்டான், பன்னுக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தான். நடுவில் கணினிப் பக்கம் போய் கோப்பைச் சேமித்தான். தனியாக எடுத்து வைப்பதை அப்புறம் நிதானமாகச் செய்யலாம் என்று நினைத்தான். அந்த "அப்புறம்" என்ற சொல்லை நினைத்துப் பின்னால் அவன் தலையில் எத்தனை முறை அடித்துக்கொண்டானோ.

மறுநாள் மதியம் எஸ்கோ போன் பண்ணினான். அவர்கள் கூட்டத்தில் பாட்டுக்கு ஏற்றபடி திரையில் படம் ஓட வைக்கிறவன், இல்போவின் பள்ளிக்கூடத்து நண்பன்.

"பாட்டு எங்கடா? இன்னிக்குக் கடைசி நாள். மத்தவன் எல்லாம் அனுப்பிட்டு சாசேஜ் சுட்டுக்கிட்டிருக்கான்."

"முடிஞ்சிருச்சு. கடைசி அடி மட்டும் பாக்கி."

"அடிய அப்புறம் அடி. முதல்ல அனுப்பு."

இல்போ கடைசிப் பகுதியைச் சரி பண்ணினான். துடைத்தான், சேமித்தான், அனுப்பினான், மூடினான். சிர்க்குவின் பாட்டை எந்த வரியும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடும்? அது வாத்தியம் இல்லையே, அவள். ட்ராக்கருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சொன்ன வேலையைச் செய்தது.

அந்த வாரக் கடைசியில் கோப்பைத் திறந்து பார்த்தபோது அந்த எண்ணுக்கு எதிரே ஒன்றுமில்லை. முதலில் அவனுக்குப் புரியவே இல்லை. மேலேயும் கீழேயும் தேடினான். பிறகு புரிந்தது.  பக்கத்து அறையில் சிர்க்கு வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான், எதற்கென்று தெரியாமல்.

எஸ்கோ அழிந்த கோப்பை மீட்கிற தன் சாமான்களையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தான். கணினியைக் குடைந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அது இருந்த இடத்து மேல வேற எழுதியாச்சுடா. தூள் தூளா ஆயிருச்சு."

"ஒரு துண்டுகூடவா இல்ல?"

"ஊர்ல எல்லாரும் பழைய பிரதி வெச்சிருக்கான். உனக்குத்தான் அது கௌரவக் குறைச்சல்." சொன்ன பிறகுதான் இல்போவின் முகத்தைப் பார்த்தான். "விடுடா. தெரியாமச் சொல்லிட்டேன். அவகிட்ட சொல்லிட்டியா?"

"எந்த வாயால சொல்றது?"

அந்தக் கோடைப் போட்டியில் அவன் பாட்டுக்குத்தான் முதல் பரிசு. சிர்க்குவின் ஒற்றை ஸ்வரத்தை வைத்துக் கட்டின வயலின் கூட்டத்துக்கு மண்டபமே எழுந்து நின்று கத்தியதாம். இல்போ போகவில்லை. பரிசுக் கோப்பையை எஸ்கோ கொண்டுவந்து ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனான். இல்போ அதை எடுத்து அலமாரிக்குள் தள்ளிவிட்டான்.

சிர்க்கு கேட்க ஆரம்பித்தாள். வயலினைத் தூக்கவே முடியாமல் போன பிறகு அடிக்கடி கேட்டாள்.

"என் பாட்ட எப்ப போடப் போற?"

"சுத்தம் பண்ணிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் இரைச்சல் இருக்கு."

"ரொம்பச் சுத்தம் பண்ணிராத. உன் கையப் பத்தித் தெரியும் எனக்கு."

ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறப்பான். அவள் முகத்தைப் பார்த்ததும் காபி வேண்டுமா என்று கேட்டுவிடுவான். அவளுக்கு இனி எதிர்பார்க்க என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்குகிற தைரியம் அவனுக்கு வரவில்லை. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான்.

ஆகவே கஞ்சன் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். மூச்சுப் பரிசோதனைக்காக அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, வருஷக்கணக்காக அவளிடமிருந்து வாங்கிச் சேர்த்திருந்த ஒற்றை ஸ்வரங்களையெல்லாம் எடுத்துப் போட்டான். நீள வில், குட்டை வில், மேல் இழுப்பு, கீழ் இழுப்பு, எல்லாம் இருந்தன. பாட்டு அவனுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவள் முனகுகிற பாட்டு அது. வரிவரியாகத் தட்டி இறக்கினான். ஸ்வரம் எல்லாம் அவளுடையதுதான், ஒன்றுகூடக் கடன் வாங்கவில்லை. ஆனால் கால் இல்லை. பிடித்து வைத்த துண்டு எதிலும் கால் இல்லாமல் பார்த்துக்கொண்டவன் அவன்தானே. அவளுடைய கருப்பு ஷூவை எடுத்துவந்து, மண்டியிட்டு, கையில் பிடித்துச் சமையலறைத் தரையில் இடித்து, அதை நேராக ட்ராக்கருக்குள் பதிந்தான். இயந்திரம் மாதிரித் தெரியக் கூடாது என்று சில இடிகளை வரிக்கு இம்மி முன்னே தள்ளினான், சிலவற்றைப் பின்னே இழுத்தான். கேட்டுப் பார்த்தபோது அவளேதான் என்று தோன்றியது. அப்படித் தோன்ற வேண்டும் என்று அவன் அவ்வளவு ஆசைப்பட்டான்.

அவள் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தாள். வெளியே பெர்ரி மரம் சிவப்பாகக் காய்த்துத் தொங்கிய மதியம். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பாள். அவன் காபியை உறிஞ்சு குழலோடு அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, பாட்டைப் போட்டான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதல் பகுதியில் அவள் உதடு லேசாக விரிந்தது. இல்போவுக்கு உயிர் திரும்பி வந்தது. இரண்டாம் பகுதி வந்தது, போனது. பாட்டு முடிந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"நல்லா இருக்கு," என்றாள்.

"நீதான்."

"வயலின் நான். ஷூவும் என்னோடது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கால் என்னோடது இல்ல."

அவன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"திருப்பத்துல நான் தடுக்குனேன். நீ சிரிச்ச. அது எங்க?"

"வெட்டிட்டேன்... சுத்தம் பண்ணும்போது..."

"இல்போ."

அவள் அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதற்கு மேல் பொய் நிற்காது. எல்லாவற்றையும் சொன்னான். எஸ்கோவின் போன், துடைத்தது, சேமித்தது, காலி எண், எஸ்கோ வந்து குடைந்து பார்த்தது. சொல்லிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் உடைந்து, நாற்காலியின் கால்பலகை மேல் தலையை வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினான். அவள் கையைத் தூக்கி அவன் தலையில் வைக்க முடிந்திருந்தால் வைத்திருப்பாளோ, அடித்திருப்பாளோ, அது தெரியாது. கை மடியிலேயே கிடந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவளால் முடியவில்லை.

"அது ஒண்ணுதான் கேட்டேன்," என்றாள்.

"தெரியும்."

"ஒண்ணே ஒண்ணு."

காபி ஆறிப் போயிருந்தது. பிறகு அவள்தான், "கஞ்சப் பிசினாறி," என்றாள். குரலில் பழைய சூடு கொஞ்சம் இருந்தது. "ஷூவ எடு. எனக்குப் போட்டு விடு."

"எதுக்கு?"

"உன் இடிய அழி. நான் இடிக்கிறேன்."

கால் எழும்பாது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஷூவை மாட்டிவிட்டான். அவள் முயன்றாள். கால்விரல் ஷூவுக்குள் அசைந்ததோ என்னவோ, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"நீ தூக்கு," என்றாள். "எப்பன்னு நான் சொல்றேன்."

ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டினான். மைக்கைத் தரையோரமாக வைத்தான். தன்னுடைய இடிகளை அழித்துவிட்டு, ஒரு காலி எண்ணைத் தேர்ந்தெடுத்து, பதிவையும் பாட்டையும் ஒன்றாக ஓடவிட்டு, தரையில் உட்கார்ந்து அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பாட்டு கேட்கவில்லை. பாட்டு அவள் காதுக்குள் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"இப்போ," என்றாள். தூக்கி இடித்தான். "இப்போ... இப்போ..."

மெதுவான நடைதான், ஆனாலும் அவள் மூச்சுக்கு அது ஓட்டம். சில இடத்தில் அவன் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே "இப்போ" வந்தது. சில இடத்தில் வராதோ என்று பயப்படும் அளவுக்குத் தள்ளி வந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அந்தக் கால் எப்படி யோசிக்கிறது என்று அன்றைக்குத்தான் அவன் கைக்குத் தெரிந்தது. கேட்டு, நறுக்கி, ஒதுக்கித் தள்ளின கால் அது. அவள் கண் மூடியிருந்தது. முகம் வயலின் வாசிக்கிற முகமாக இருந்தது.

திடீரென்று நிறுத்தினாள்.

"மீதி நாளைக்கு," என்றாள். "களைச்சுட்டேன்."

அவன் பதிவை நிறுத்தி, பாட்டின் முதல் வரியே அந்த எண்ணைக் கூப்பிடும்படி எழுதிவிட்டு, கோப்பைச் சேமித்தான். இன்னொரு பெயரில் இன்னொரு முறை சேமித்தான். எஸ்கோவுக்கு அனுப்பி, பத்திரமாக வை என்று எழுதினான். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் புத்தி வருது," என்றாள்.

விடிகாலையில் அவளுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வந்தது. நாளைக்கு என்று அவள் சொன்ன நாள் ஆஸ்பத்திரியில்தான் விடிந்தது. அங்கிருந்து அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து, காபி குடிக்க வந்தவர்களெல்லாம் போன பிறகு எஸ்கோ மட்டும் இருந்தான். அவன் கேட்டதால் இல்போ கோப்பைத் திறந்தான். பதிந்ததை அவனும் அதுவரை கேட்கவில்லை, பயம். போட்டான். வயலின் தொடங்கியது. அதன் அடியில் ஷூ விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் குழறின குரலில் "இப்போ... இப்போ..." என்று வந்தது. துணி உரசும் சத்தம், நாற்காலி முனகுவது, யாரோ மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் இருந்தன.

எஸ்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில் பழக்கத்தில், "குரல மட்டும் எடுத்துரலாமாடா? கால் தனியா நிக்கும்," என்றான்.

"கைய வெச்ச, வெட்டிப்புடுவேன்."

எஸ்கோ கையை எடுத்துக்கொண்டான்.

எந்த இடத்தில் அவள் நிறுத்தினாள் என்று அன்று இல்போவுக்குத் தெரியாது, பாட்டு அவன் காதில் விழவில்லையே. இப்போது தெரிந்தது. இரண்டாம் பகுதிக்குத் திரும்புகிற அதே இடம். கல்யாணத்தில் தடுக்கின இடம், அவன் சிரித்த இடம். அதுவரை வந்து, அவள் "மீதி நாளைக்கு" என்கிறாள். ஷூ நிற்கிறது. அலமாரியில் அந்த ஷூ இன்னும் இருக்கிறது, மீதியை இடித்து நிரப்ப அவனுக்கு ஒரு மதியம் போதும். அவன் தொடவில்லை. அதற்குப் பிறகு வயலின் மட்டும் தனியாகத் திரும்பி, கடைசி வரைக்கும் போகிறது, ஒரு தப்பும் இல்லாமல்.